மருமகள் கேட்ட நல்ல இடம்

தம்பி,

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்ட உதவிக்குப் பதில் இது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன்னோடு போனில் பேசுவது எனக்குச் சரிவருவதில்லை. நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், பின்னால் கணினியைத் தட்டும் சத்தம் கேட்கும், கடைசியில் "டெர்மின் இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்று ஏதோ ஒரு சந்திப்பைச் சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மழையிலும் பனியிலும் உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை இன்றைக்காவது நான் அனுபவிக்கிறேன். எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை வாசி. மார்சியாவுக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நேற்றே சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். "அப்பா, நியூயோர்க்கில அவள் சொல்லுற இடம் சரிவராது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் சொன்னா சண்டை. நீங்கள் சொன்னா கேப்பாள்." நான் சொன்னால் உன் மனைவி கேட்பாள் என்பது உண்மை. என் சொந்த மகன் கேட்காத பல விஷயங்களை அவள் கேட்டிருக்கிறாள். அதனால்தான் அந்த ஒரு சொல்லைச் சும்மா எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி மாதத்திலிருந்து தொடங்குகிறேன். பாலன் இயேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களின் திருநாளுக்கு நானும் அம்மாவும் எசனிலிருந்து ரயிலேறி ஹனோவருக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். அன்றைக்கு லியாவின் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் இராசா வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போனார்கள். மூவரில் ஒருவர் கறுப்பு இராசா. வழக்கமாக ஒரு வெள்ளைப் பிள்ளையின் முகத்தில் மை பூசி அவரை உண்டாக்குவார்கள். இந்த முறை லியாவை நிறுத்தியிருந்தார்கள். மை பூசுகிற வேலை மிச்சம் என்று ஆசிரியை எங்களிடம் நல்ல சந்தோஷமாகச் சொன்னார். கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள், பேத்தி இராசாவாக நிற்கிறாள் என்றால் வேறென்ன வேண்டும்? நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். கமெராவில் பிலிம் முடியும் வரை படம் எடுத்தேன். ஒரு படத்தைப் பெரிதாக்கி மன்னாரில் இருக்கும் தன் தமக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா நின்றாள்.

 மார்சியா வீட்டுக்கு வந்து பிள்ளையின் தலையிலிருந்த காகித முடியைக் கழற்றி வைத்து, எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள். பிறகு ஜேர்மன் மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். லியா இங்கே வளர்ந்து முடியும் வரை ஒவ்வொரு வருடமும் கறுப்பு இராசாதான், வேறு இராசாவாக அவளை ஒருவரும் நிறுத்தமாட்டார்கள். தானும் ஹனோவரில் அப்படித்தான் வளர்ந்தாளாம். தன் பிள்ளை மற்ற இரண்டு இராசாக்களாகவும் நிற்கக்கூடிய இடம் ஒன்று வேண்டும், அந்த இடத்தில் அவள் தொழுவத்து ஆடாக நின்றாலும் பரவாயில்லை என்றாள். அந்த நேரம் நீ தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பாய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாய். பாய்ந்தவன் எவ்வளவு தூரத்தில் விழுந்தான் என்று எங்களுக்கும் சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "மாமா, எங்களுக்கு ஒரு நல்ல இடம் பாத்துத் தாங்கோ."

அம்மா தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏன் என்று உனக்கு விளங்கியிருக்காது, அதனால் சொல்கிறேன். எசனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்கள் சனத்தில் யாருக்காவது கலியாணப் பேச்சு வந்தால் விசாரிப்பதற்கு என்னைத்தான் தேடுவார்கள். பகலெல்லாம் ரொட்டித் தொழிற்சாலை, வீட்டுக்கு வந்தால் இந்த வேலை. "அண்ணை, பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் பாத்துத் தாங்கோ" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அந்த "நல்ல இடம்" வீடும் இல்லை, வீதியும் இல்லை. சாதிக்கு நாங்கள் போட்டுவிட்ட மரியாதையான சட்டை அது. புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் "ஊரிலை எவடம்?" என்று கேட்பதும் அதற்குத்தான். எங்கள் வீட்டு விசேஷங்களில் மார்சியா இந்தச் சொல்லைப் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் கருத்துக் கேட்க, அம்மாவும் சங்கடத்தில் சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் மாற்றிக் கொடுத்துவிட்டாள். நல்ல இடம் என்றால் நல்ல இடம். அவளும் நம்பிவிட்டாள். நான் அதைத் திருத்தப் போகவில்லை. அந்தச் சொல்லுக்கு அவள் கொடுக்கும் கருத்து எங்களுடையதைவிட எவ்வளவோ மேல்.

அவளுக்கு வேண்டிய இடம் இதுதான்: கறுப்பு மக்கள் வாழும் பகுதி, அவர்களில் தன் தகப்பனைப் போலக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் இருக்க வேண்டும், அதோடு வசதியான பகுதியாகவும் இருக்க வேண்டும். வசதி எதற்கு என்று அம்மா கேட்டாள். கறுப்பர் இருக்கும் இடம் என்றதும் எல்லோரும் உடைந்த யன்னலைத்தான் நினைக்கிறார்கள், லியாவும் அப்படி நினைத்துக்கொண்டு வளரக்கூடாது என்று மார்சியா சொன்னாள். பெரிய வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டவில்லை என்று முறுமுறுக்கும் ஒரு கறுப்பு நீதிபதியைத் தன் மகள் தினமும் பார்க்க வேண்டுமாம். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு நான் செய்த கூத்து உனக்குத் தெரியும். பேர்லின் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது ஒரு பகுதியில் தெருக்கள் முழுக்க டோகோ, கமரூன், சன்சிபார் என்று ஆபிரிக்கப் பெயர்களாக இருந்தன. பகுதியின் பெயரே ஆபிரிக்கப் பகுதி. யாழ்ப்பாணத்தில் தட்டாதெரு என்றால் தட்டார் இருந்த தெரு, செட்டித்தெரு என்றால் செட்டிகள் இருந்த தெரு. பெயரைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற பழக்கம் எனக்கு இரத்தத்தில் ஊறியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று உங்களுக்குப் போன் எடுத்து, எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேர்லினுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா புளிச்சாதம் கட்டி எடுத்து வந்தாள். அங்கே போனால் அமைதியான அடுக்குமாடி வீடுகளும், வேலி போட்ட சின்னச் சின்னத் தோட்டங்களும். ஒரு தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக் கிழவரிடம், ஆபிரிக்க மக்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நாடுகளை ஜேர்மனி பிடித்து ஆண்ட காலத்தில் வைத்த பெயர்கள் என்று விளக்கினார். பிறகு மார்சியாவைப் பார்த்து, உங்களுடைய தெரு எது, டோகோவா கமரூனா என்று நல்ல மனத்தோடு விசாரித்தார். அவள் பிறந்தது ஹனோவரில், தகப்பன் பிறந்தது ஜமேக்காவில். அந்தப் பெயரில் அங்கே தெரு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். புளிச்சாதத்தை ரயிலில்தான் சாப்பிட்டோம். வழி முழுக்க நீ என்னைக் கேலி செய்தாய், நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜேர்மனியில் அப்படி ஒரு இடம் கிடையாது என்று என் சம்பந்திதான் பிறகு சொன்னார். பிரித்தானிய இராணுவத்தில் வாகனம் திருத்துபவராக இந்த நாட்டுக்கு வந்து தங்கிவிட்டவர், இங்குள்ள ஒவ்வொரு நகரத்தையும் அறிந்தவர். நியூயோர்க்கின் ஓரத்தில் தன் தங்கை இருக்கும் பகுதிதான் அவள் தேடும் இடம் என்றார். அங்கே வைத்தியரும் கறுப்பு, அந்த வைத்தியர்மீது வழக்குப் போடுகிற வழக்கறிஞரும் கறுப்பு, இரண்டு பேரையும் திட்டுகிற பாதிரியாரும் கறுப்பு என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார். அது எங்களுக்கு எட்டாத தூரம் என்றுதான் நினைத்தோம். பார்த்தால் இரண்டு மாதத்தில் உன் கொம்பனி உன்னை நியூயோர்க்குக்கு மாற்றுகிறது. மார்சியா அன்றைக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நீயும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாய்.

பிறகு நீ மெல்ல மெல்ல மாறினாய். கணினியில் அந்தப் பகுதியின் கூரைகளை மேலிருந்து காட்டி, நீ வேலை செய்யப் போகும் கந்தோருக்குத் தூரம் என்றாய். வீட்டை விற்கும்போது விலை போகாது என்றாய். பள்ளிக்கூடம் எப்படியோ என்றாய். பிள்ளையை ஒரே விதமான ஆட்களுக்கு நடுவில் பிரித்து வைத்து வளர்ப்பது சரியில்லை என்றும் சொன்னாய். கந்தோருக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர் இருக்கும் பகுதியில் உனக்கு ஒரு வீடு பிடித்திருந்தது. போன கிழமை போனில் இவ்வளவையும் சொல்லி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில், வாய்க்குள் மென்று விழுங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய்: "அங்க என்னை ஆர் எண்டு பாப்பினம், அப்பா?" கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குக் கேட்டது.

சரி, சரிவராது என்று சொல்வதானால் விசாரித்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு மாப்பிள்ளையை எப்படி விசாரிப்பேனோ அப்படியே அந்த இடத்தையும் விசாரித்தேன். சொந்தக்காரரைக் கேட்கக்கூடாது, அதனால் சம்பந்தியின் தங்கையை விட்டுவிட்டேன். நல்லவரா என்றும் கேட்கக்கூடாது, ஏனென்றால் அதற்கு எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், ஒரு செத்தவீடு என்றால் யார் நிற்பார்கள் என்று கேட்க வேண்டும். முந்தி எங்களோடு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த யோகனை உனக்கு நினைவிருக்கும். அவன் இப்போது நியூயோர்க்கில் வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி கொண்டுபோய் இறக்குகிறான். அந்தப் பகுதியும் அவனுடைய வேலைக்குள் வருகிறது. இதில் அவனுக்கு ஒரு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. விசாரணைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ரெலிபோன் காட் வாங்கி, ஆறுதலாக இருந்து கதைத்தேன்.

முதலில் "கறுவல்களின்ர இடம் அண்ணை" என்று தொடங்கினான். என் மருமகளின் ஆட்கள், பார்த்துப் பேசு என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒழுங்காகச் சொன்னான். செங்கல் வீடுகள், மரங்கள், வெட்டின புல். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி வைத்த பெண்கள் கோயிலுக்குப் போவதைப் பார்த்தால் அரண்மனைக்குப் போகிறார்கள் என்று நினைக்கலாமாம். கதவைத் திறப்பவர்களில் பாதிப் பேர் வைத்தியரோ பள்ளி அதிபரோ. ஒரு நாள் பெட்டியை இறக்கப் போனால் தெருவில் ஒரு வீட்டில் செத்தவீடு. தெரு முழுக்க அங்கே நின்றதால் இவனுக்குக் கதவு திறக்க ஆளில்லை. வாசலில் நின்ற இவனைக் கண்டு ஒரு அம்மா சோறும் ஆட்டுக்கறியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாராம். எங்கள் கறி இல்லை, ஆனால் கறிதான் என்றான். வேறு பிள்ளைகளுக்கு இடம் பார்த்திருந்தால் அந்தச் செத்தவீட்டோடு நான் விசாரணையை முடித்திருப்பேன்.

குறை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். யோகன் கொஞ்சம் யோசித்தான். "ஒண்டுதான் அண்ணை. நான் லொறியை விட்டு இறங்கினா எல்லாரும் பாப்பினம். ஒரு வயசுபோன ஐயா ஒவ்வொரு முறையும் வந்து, தம்பி வழி மாறி வந்திட்டீரோ எண்டு கேப்பார். மரியாதையாத்தான் கேப்பார். எங்கட ஆள் ஒருத்தரும் அவடத்தில இல்லை. உங்கட மகன் ஒராள்தான் இருப்பார்."

தம்பி, உன் தூரமும் விலையும் பள்ளிக்கூடமும் எனக்கு அப்போதுதான் விளங்கின. அந்த இடத்தில் திரும்பிப் பார்க்கப்படும் ஆள் நீ. அதுதான் உன் பயம். பயத்தில் பிழையில்லை. அதற்குக் கந்தோர் தூரம் என்று பெயர் வைப்பதுதான் பிழை. ஒரே விதமான ஆட்கள் என்று சொன்னாயே, நாங்கள் எசனில் என்ன செய்தோம்? ஒருவர் வீடு எடுத்த தெருவில்தான் அடுத்தவரும் வீடு தேடினோம். யன்னலைத் திறந்து கூப்பிட்டால் ஒரு கைப்பிடி கறிவேப்பிலைக்கு ஆள் இருந்தது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வந்தது. அந்தத் தெருவில்தான் நீ வளர்ந்தாய். அங்கே உன்னை யாரும் திரும்பிப் பார்க்காதபடியால்தான் வெளியே போய் நிமிர்ந்து நடந்தாய். அதை யாரும் பிரித்து வைப்பது என்று சொல்லவில்லை. மார்சியா அதையே தன் பிள்ளைக்குக் கேட்டால் மட்டும் உனக்கு ஏன் அந்தச் சொல் வருகிறது?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. நீ அவளை முதல் முதலாக எங்கள் சனத்துக்குள் கூட்டி வந்தது உன் மச்சாளின் கலியாணத்துக்கு. எசனில் அந்தப் பெரிய மண்டபம். நீங்கள் இரண்டு பேரும் வாசலுக்குள் கால் வைத்ததும் மேளத்தைத் தவிர எல்லாம் நின்றது. கதிரைகள் திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் வந்து அவள் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார்கள், தாய்மார் தடுக்கவில்லை. கறுப்பு என்று குசுகுசுத்த உன் எசன் பெரியம்மா அவளைவிட ஒரு படி கூடின கறுப்பு. நீ கொஞ்ச நேரத்தில் நண்பர்களைக் கண்டு வெளியே போய்விட்டாய். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டு இருந்தாள், கையால் சாப்பிட்டாள், தன்னைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தலையை அசைத்தாள். அடுத்த கலியாணத்துக்கும் வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். இப்போது அந்தப் பெரியம்மா அவள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அந்த இடத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, இருந்து இருந்து எடுத்துக்கொண்டாள்.

நேற்றுப் பின்னேரம், நீ வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அவளுக்குப் போன் எடுத்தேன். யார் பார்க்கச் சொன்னார்களோ அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அது விசாரிப்பவனின் முறை. பார்க்கச் சொன்னது அவள், நீ இல்லை. செங்கல் வீடுகளைச் சொன்னேன், தொப்பி வைத்த பெண்களைச் சொன்னேன், ஆட்டுக்கறியைச் சொன்னேன். நல்ல இடம், பிள்ளை, தாராளமாகப் போகலாம் என்று முடித்தேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.  அவளோ தமிழில் கேட்டாள்: "அவரைப் பாப்பினமோ, மாமா?"

உன்னைத் திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. நீ அவளிடம் அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கமாட்டாய். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓம் பிள்ளை, கொஞ்ச நாளைக்குப் பார்ப்பார்கள் என்றேன்.

"அப்ப வேண்டாம், மாமா" என்றாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. லியாவைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அம்மா வந்து என்ன என்று கேட்டபோதுதான் அதை வைத்தேன்.

ஆகவே நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. நான் அந்த இடத்தைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் சொல்ல வேண்டி வரவில்லை. அவள் உண்மையான காரணத்தை உன்னிடம் சொல்லமாட்டாள். கந்தோருக்குத் தூரம் என்று உன் வாயிலிருந்து கேட்டதையே உனக்குத் திருப்பிச் சொல்வாள். நீயும் அப்பாடா என்று தலையாட்டிவிடுவாயோ என்பதுதான் என் பயம், அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். உன்னை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றதும் அவளுக்கு அந்த இடமே வேண்டாமென்று போய்விட்டது. அவளைத் திரும்பிப் பார்த்த இடங்கள் எத்தனை, தம்பி. எல்லாவற்றுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனது நாங்கள்தான். அப்ப வேண்டாம் என்று ஒரு இடத்திலாவது உனக்கோ எனக்கோ வாயில் வந்ததா?

அப்பா